அச்சுக் கோத்த கரம், எல்லை காத்த கரம்

(மூன்றாம் ஆண்டு வரலாற்று மாணவன் ஒருவன் எழுதியது)

மொழி ஓர் இனத்தின் உயிர் என்பார்கள். உயிர் இருந்தால் மட்டும் போதுமா? அது தங்குவதற்கு உடல் ஒன்று வேண்டும். அந்த உடல்தான் நிலம். நிலத்திற்கு எல்லை உண்டு. எல்லைக்கு இப்புறம் யார், அப்புறம் யார் என்ற கேள்வி எழும்போது, கவிதையும் இலக்கணமும் ஏட்டை விட்டு இறங்கி வீதிக்கு வந்துவிடுகின்றன. அவ்வாறு வீதிக்கு வந்த ஓர் அறிஞரைப் பற்றியதே இக்கட்டுரை. அவர் சிலம்புச் செல்வர் ம. பொ. சிவஞானம்.

அவரைப் பற்றி எழுத நான் முனைந்ததற்குக் காரணம் ஒன்று உண்டு. நான் ஜவ்வாது மலையில் பிறந்தவன். முதலாம் ஆண்டில் விடுதியில் சேர்ந்த முதல் வாரம், அறைத் தோழர் ஒருவர் என் சாதிச் சான்றிதழைப் பார்த்துவிட்டு, “நீ மலையாளியா? கேரளாவில் எந்த ஊர்?” என்று கேட்டார். அவர் மேல் குற்றமில்லை. சான்றிதழில் அப்படித்தான் இருக்கிறது. மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்ற பொருளில் எங்களுக்கு அமைந்த பெயர் அது. கேரளத்து மொழிக்கும் எங்களுக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. எங்கள் வீட்டில் பேசுவது தமிழ். எங்கள் பாட்டி சாமை குத்தும்போது பாடுவதும் தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் நாங்கள் என்பது எங்கள் முன்னோர் சொல்லிவரும் கதை.

இதையெல்லாம் தோழருக்கு விளக்கினேன். அவரும் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டார். ஆனால் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ‘நான் யார் என்பதை ஒரு சொல்லும் ஒரு கோடும் தீர்மானித்துவிட முடியுமா?’ என்ற எண்ணம் என்னைக் குடைந்தது. அந்தக் கேள்வியோடு நூலகத்தில் திரிந்தபோது என் கைக்குக் கிடைத்தது ம. பொ. சி.யின் தன்வரலாறான ‘எனது போராட்டம்’.

மூன்றாம் வகுப்பு மாணவர்

1906ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள், சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியிலுள்ள சால்வன்குப்பத்தில் சிவஞானம் பிறந்தார். தந்தையார் பொன்னுசாமி, தாயார் சிவகாமி அம்மையார். மயிலாப்பூர் பொன்னுசாமி சிவஞானம் என்பதன் சுருக்கமே நாடறிந்த ‘ம. பொ. சி.’ என்னும் மூன்றெழுத்து.

குடும்பத்தில் வறுமை தாண்டவமாடியது. பள்ளிப் படிப்பு மூன்றாம் வகுப்போடு முடிந்தது. பிற்காலத்தில் பல்கலைக்கழகப் பேராசிரியர்களும் வியந்து கேட்ட சொற்பொழிவாளர் பள்ளியில் பெற்ற கல்வி அவ்வளவே. சிறுவயதிலேயே நெசவு வேலைக்குச் சென்றார். பின்னர் டாக்டர் பெ. வரதராஜுலு நாயுடுவின் ‘தமிழ்நாடு’ இதழின் அச்சகத்தில் அச்சுக் கோப்பவராகச் சேர்ந்தார்.

அச்சுக் கோத்தல் என்றால் என்ன என்பதை இன்றைய மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியுள்ளது. கணிப்பொறி வருவதற்கு முன்பு, ஈயத்தில் வார்த்த எழுத்துகள் பெட்டியின் சிறு சிறு அறைகளில் கிடக்கும். அச்சுக் கோப்பவர் கையெழுத்துப் படியைப் பார்த்து, ஒவ்வோர் எழுத்தாகப் பொறுக்கி எடுத்து வரிசையாக அடுக்க வேண்டும். எழுத்துகள் கண்ணாடியில் தெரிவது போல் திரும்பியிருக்கும். தமிழில் உயிர்மெய் எழுத்துகள் மிகுதியாதலால் அறைகளும் மிகுதி. ஒற்று விட்டால் பிழை. கால் மாறினால் பிழை. நாள் முழுவதும் நின்றுகொண்டே செய்யும் இவ்வேலையில், ஒருவர் பிறர் எழுதியதை எழுத்தெழுத்தாகப் படித்தே ஆக வேண்டும். மூன்றாம் வகுப்போடு நின்ற சிவஞானத்திற்கு அந்த அச்சகமே உயர்நிலைப் பள்ளியாயிற்று எனலாம்.

சிறையே கல்லூரி

1920களின் இறுதியில் அவர் காங்கிரசில் சேர்ந்தார். விடுதலைப் போராட்டத்தில் பலமுறை சிறை சென்றார். கள் இறக்கும் தொழிலோடு தொடர்புடைய சமூகத்தில் பிறந்தவர் அவர். எனினும் காந்தியடிகளின் மதுவிலக்குக் கொள்கையைத் தம் சமூகத்தாரிடமே சென்று எடுத்துரைத்தார். சொந்த உறவினர் நடுவே நின்று, அவர்கள் பிழைப்பைத் தொடும் ஒரு கருத்தைச் சொல்வது எவ்வளவு கடினம் என்பதை நாமறிவோம்.

1942ஆம் ஆண்டு ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டத்தின்போது கைது செய்யப்பட்டு, மத்திய இந்தியாவிலுள்ள அமராவதி சிறைக்கு அனுப்பப்பட்டார். அங்கு நிலவிய கடும் வெப்பம் அவர் உடல்நலத்தைச் சிதைத்தது. வயிற்றுப் புண் அவரை எலும்பும் தோலுமாக்கியது. பின்னர் வேலூர்ச் சிறைக்கு மாற்றப்பட்டார். அந்நோய் அவரை வாழ்நாள் முழுவதும் விடவில்லை.

சிறை அவர் உடலைக் கெடுத்தது உண்மை. அதே சிறை அவர் அறிவை வளர்த்ததும் உண்மை. சங்க இலக்கியங்களையும் சிலப்பதிகாரத்தையும் அவர் ஆழ்ந்து கற்றது சிறைவாழ்வில்தான். பின்னாளில் ஊரூராகச் சென்று சிலப்பதிகாரத்தைப் பாமர மக்களிடையே பரப்பிய அவருக்குச் ‘சிலம்புச் செல்வர்’ என்னும் பட்டத்தை வழங்கியவர், சொல்லின் செல்வர் ரா. பி. சேதுப்பிள்ளை அவர்கள்.

ஏன் சிலப்பதிகாரம்?

தமிழில் காப்பியங்கள் பல இருக்க, ம. பொ. சி. சிலப்பதிகாரத்தை மட்டும் ஏன் கையில் எடுத்தார்? அந்நூல் புகார், மதுரை, வஞ்சி என மூன்று காண்டங்களாக அமைந்தது. சோழ நாட்டில் பிறந்த பெண், பாண்டிய நாட்டில் நீதி கேட்டு, சேர நாட்டில் தெய்வமாகிறாள். மூவேந்தர்கள் தம்முள் போரிட்டுக்கொண்டிருந்த நிலத்தை ஒரே தமிழகமாகக் கண்டது இளங்கோவின் கண். அரசர்களை விட்டு, ஒரு வணிகர் குடிப் பெண்ணைத் தலைவியாக்கியது அவர் நெஞ்சம். தமிழ் பேசும் மக்கள் அனைவரும் ஒரு குடையின் கீழ் வாழ வேண்டும் என விரும்பிய ஓர் அரசியல்வாதிக்கு இதைவிடச் சிறந்த நூல் வேறு கிடைக்குமா?

இலக்கியம் அவருக்கு ஓய்வுநேரப் பொழுதுபோக்காக இருக்கவில்லை. ‘கப்பலோட்டிய தமிழன்’ என்னும் வ. உ. சி. வரலாறும், வீரபாண்டிய கட்டபொம்மன் வரலாறும் அவர் எழுதியவை. அச்சுக் கூடத்திலிருந்து வந்தவர் ஆதலால், அச்சிட்ட ஏட்டின் ஆற்றல் அவருக்கு நன்கு தெரிந்திருந்தது. ‘செங்கோல்’ என்னும் இதழை நெடுங்காலம் நடத்தினார். ‘வள்ளலார் கண்ட ஒருமைப்பாடு’ என்னும் நூலுக்காக 1966ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமி விருது அவருக்கு வழங்கப்பட்டது.

வடக்கெல்லைப் போராட்டம்

1946ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ம. பொ. சி. தமிழரசுக் கழகத்தைத் தோற்றுவித்தார். இந்திய ஒன்றியத்திற்குள், தமிழ் பேசும் பகுதிகள் அனைத்தும் இணைந்த, தன்னாட்சி உரிமையுள்ள தமிழ் மாநிலம் வேண்டும் என்பது அதன் குறிக்கோள். பிரிவினையை அவர் ஏற்கவில்லை. டில்லியில் அதிகாரம் குவிவதையும் ஏற்கவில்லை. இந்திய தேசியமும் தமிழ்த் தேசியமும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதே அவர் வாழ்நாள் முழுதும் வாதிட்டது.

அன்றைய சென்னை மாகாணத்தில் தமிழரும் தெலுங்கரும் கன்னடரும் மலையாள மொழியினரும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்தனர். இந்தக் கதையில் எங்கள் வட ஆற்காட்டிற்கு ஓர் இடம் உண்டு. 1911ஆம் ஆண்டு வரை வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்தது சித்தூர். அவ்வாண்டில்தான் வட ஆற்காட்டின் வடபகுதி வட்டங்களைப் பிரித்துச் சித்தூர் மாவட்டம் அமைத்தனர். வட ஆற்காட்டின் தலைநகர் வேலூராயிற்று. ஆட்சி வசதிக்காக ஆங்கிலேயர் போட்ட அந்தக் கோடு, பின்னாளில் இரு மாநிலங்களின் வழக்காக மாறும் என்று அன்று யார் எண்ணியிருப்பர்?

1952ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள், தனி ஆந்திர மாநிலம் கோரிப் பொட்டி ஸ்ரீராமுலு சென்னையில் உண்ணாநோன்பு தொடங்கினார். டிசம்பர் 15ஆம் நாள் உயிர் நீத்தார். தம் மொழி மக்களுக்காக உயிரையே கொடுத்த அவரைத் தமிழராகிய நாமும் வணங்கத்தான் வேண்டும். அடுத்த சில நாள்களில் ஆந்திர மாநிலம் அமையும் என்று பிரதமர் நேரு அறிவித்தார். ஆனால் சென்னை நகரம் யாருக்கு என்ற வினா எழுந்தது. ‘தலையைக் கொடுத்தேனும் தலைநகரைக் காப்போம்’ என்று முழங்கினார் ம. பொ. சி. கூட்டங்களும் ஊர்வலங்களும் நகரை நிறைத்தன. ஆந்திர மாநிலத்தின் தலைநகர் அதன் எல்லைக்குள்ளேயே அமையும் என்று 1953ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள் நேரு நாடாளுமன்றத்தில் அறிவித்தபோது சென்னை பற்றிய அச்சம் நீங்கியது. அவ்வாண்டு அக்டோபர் 1ஆம் நாள் கர்நூலைத் தலைநகராகக் கொண்டு ஆந்திர மாநிலம் பிறந்தது. சித்தூர் மாவட்டம் முழுவதும், திருத்தணி உட்பட, அதனோடு சென்றது.

திருப்பதியும் திருத்தணியும் தமிழகத்துடன் இருக்க வேண்டும் என்பது தமிழரசுக் கழகத்தின் கோரிக்கை. தொல்காப்பியப் பாயிரமே வடவேங்கடத்தைத் தமிழ் நிலத்தின் வடவெல்லையாகக் கூறுகிறது என்பதை மேடைதோறும் அவர் எடுத்துக்காட்டினார். திருத்தணிப் பகுதியில் தமிழாசிரியர் மங்கலங்கிழாரும், வழக்கறிஞர் கே. விநாயகமும் மக்களைத் திரட்டினர். மறியல்களும் கதவடைப்புகளும் சிறைவாசமும் தொடர்ந்தன.

இறுதியில் இரு மாநிலங்களும் ஒப்புக்கொண்டு, எச். வி. படாஸ்கரை நடுவராக ஏற்றன. அவர் கையாண்ட முறையை நாம் கருத்தூன்றிக் கவனிக்க வேண்டும். முழு வட்டத்தையோ மாவட்டத்தையோ பாராமல், ஒவ்வொரு கிராமத்தையும் தனித்தனி அலகாகக் கொள்வது. அக்கிராமத்தில் எந்த மொழி பேசுவோர் பெரும்பான்மை என்று பார்ப்பது. நிலத்தொடர்பு அறாமல் கோடு வரைவது. இதன்படி நாடாளுமன்றம் 1959ஆம் ஆண்டில் சட்டம் இயற்றியது. 1960ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் திருத்தணிப் பகுதி தமிழகத்தில் சேர்ந்தது. அதற்கு ஈடாகச் செங்கற்பட்டு, சேலம் மாவட்டங்களிலிருந்து சில பகுதிகள் ஆந்திரத்திற்குச் சென்றன. திருமால் குன்றம் போயிற்று. முருகன் குன்றம் மிஞ்சியது.

தெற்கே குமரி மாவட்டமும் செங்கோட்டையும் 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் தமிழகத்துடன் இணைந்தன. அங்கே போராட்டத்தின் தலைவர் மார்ஷல் நேசமணி. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றுவிட்டன.

உலகில் ஒரு துணை உதாரணம்

மொழியறிஞர் அரசியலுக்கு வந்து எல்லைக்காகக் குரல் கொடுப்பது தமிழகத்தில் மட்டும் நிகழ்ந்த ஒன்றல்ல. ஐரோப்பாவின் அல்பேனியாவைப் பாருங்கள். துருக்கிப் பேரரசின் கீழிருந்த அந்நாட்டில் 1850இல் பிறந்தவர் சாமி ஃப்ராஷெரி. அகராதியும் கலைக்களஞ்சியமும் தொகுத்த பேரறிஞர். அல்பேனிய மொழிக்கு ஓர் எழுத்துமுறை வேண்டும் என்று உழைத்தார். அல்பேனியரின் நேற்று, இன்று, நாளை என்று எண்ணிப் பார்த்து நூல் எழுதினார். 1904இல் அவர் மறைந்தார். 1912ஆம் ஆண்டு நவம்பர் 28ஆம் நாள் அந்நாடு விடுதலையை அறிவித்தது. ஆனால் 1913ஆம் ஆண்டில் லண்டனில் கூடிய வல்லரசுகள் வரைந்த எல்லை, கொசோவோ உள்ளிட்ட பகுதிகளில் வாழ்ந்த அல்பேனியரில் பெருந்தொகையினரைக் கோட்டுக்கு அப்பால் நிறுத்திவிட்டது.

அங்கே கோடு வரைந்தவர்கள் அயலார். இங்கே, இரு மாநிலத்தாரும் ஏற்ற ஒரு நடுவர் கிராமம் கிராமமாகக் கணக்கிட்டார். முழுமையான நீதி என்று இரு தரப்பாரும் மகிழ்ந்திருக்க முடியாது. ஆயினும் படையின்றி முடிந்ததே, அது சிறுமையன்று.

பிற்காலப் பணிகள்

ம. பொ. சி. 1967ஆம் ஆண்டு தியாகராய நகர்த் தொகுதியிலிருந்து சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவ்வாண்டு ஜூலை 18ஆம் நாள் மாநிலத்திற்குத் ‘தமிழ்நாடு’ எனப் பெயர் சூட்டும் தீர்மானம் அண்ணாவின் ஆட்சியில் நிறைவேறியபோது அவரும் அவையில் இருந்தார். அப்பெயருக்காக 1956ஆம் ஆண்டில் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்தவர் சங்கரலிங்கனார் என்பதை ஈண்டு நினைவு கூர்தல் நம் கடமை. பின்னர் ம. பொ. சி. சட்டமன்ற மேலவையின் துணைத் தலைவராகவும், 1986ஆம் ஆண்டு மேலவை கலைக்கப்படும் வரை தலைவராகவும் விளங்கினார். 1972ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்றார். 1995ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள் இயற்கை எய்தினார்.

அவர் குறைகளற்றவர் என்று நான் சொல்ல வரவில்லை. காங்கிரசில் வளர்ந்து, அதனோடு முரண்பட்டு வெளியேறினார். கடுமையாக எதிர்த்த தி. மு. கழகத்தோடு பின்னாளில் கூட்டுச் சேர்ந்தார். அவருடைய கட்சி தேர்தல் களத்தில் பெரிய கட்சியாக வளரவே இல்லை. மாற்றங்கள் சந்தர்ப்பவாதம் என்றனர் சிலர்; காலத்தின் தேவை என்றனர் சிலர். ஆனால் கட்சி மாறிய போதும் தமிழ் மாநிலம் என்ற கொள்கையை அவர் மாற்றிக்கொள்ளவில்லை என்பது வெள்ளிடை மலை.

மலையிலிருந்து பார்க்கும்போது

இனி என் கேள்விக்கு வருகிறேன். ம. பொ. சி.யின் வரலாற்றைப் படித்து முடித்தபோது, என் மனத்தில் இரு எண்ணங்கள் தோன்றின.

முதலாவது, பழைய இலக்கியச் சான்று பெற்றுத் தராததை, கிராமத்து மக்கள் பேசிய மொழி பெற்றுத் தந்தது. வேங்கடம் தமிழர் எல்லை என்பதற்கு ஈராயிரம் ஆண்டு இலக்கியம் சான்று. ஆயினும் அங்கு வாழ்வோர் பெரும்பாலும் தெலுங்கர். ஆதலால் அது ஆந்திரத்திற்குச் சென்றது. திருத்தணியில் வயலிலும் சந்தையிலும் மக்கள் பேசியது தமிழ். ஆதலால் அது தமிழகத்திற்கு வந்தது. நூலோர் மொழியைப் பெருமைப்படுத்தினர். எழுதப் படிக்கத் தெரியாத உழவர்களும் தாய்மார்களும் அதைப் பேசியே காத்தனர். எங்கள் பாட்டி சாமை குத்தும்போது பாடும் பாட்டிற்கும் இந்தக் காவலில் பங்குண்டு என்று இப்போது நம்புகிறேன்.

இரண்டாவது, கோடு வரைந்துவிட்டால் மட்டும் கடமை முடிந்துவிடுவதில்லை. 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் நான் தொடக்கப் பள்ளி மாணவன். அன்று திருப்பதியை அடுத்த சேஷாசலக் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று கூறப்பட்ட 20 தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் ஆந்திரக் காவல்துறையினரின் துப்பாக்கிக்கு இரையாயினர். அவர்களுள் எங்கள் ஜவ்வாது மலையைச் சேர்ந்தவர்களும் இருந்தனர். அந்த வாரம் பள்ளியில் யாரும் உரக்கப் பேசவில்லை. ‘அவர்கள் ஏன் அவ்வளவு தூரம் போனார்கள்?’ என்று நான் தாத்தாவைக் கேட்டேன். “இங்கே கூலி இருந்தால் எதற்கடா போகிறார்கள்?” என்றார். அதற்குமேல் அவர் பேசவில்லை.

எந்த வேங்கடத்தைத் தமிழகத்தின் எல்லை என்று சிலம்புச் செல்வர் மேடைதோறும் முழங்கினாரோ, அதே மலைத்தொடரில் எங்கள் மக்கள் கூலிக்காகச் சென்று மடிந்தார்கள். மாநிலம் கிடைத்தது, மாநிலத்தின் மூலைமுடுக்குகளுக்கு வேலையும் கல்வியும் சாலையும் சென்று சேர வேண்டியது அடுத்த போராட்டம். சாமையும் புளியும் தேனும் விளையும் எங்கள் மலை இன்று திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் பகிர்ந்து கிடக்கிறது. மலையின் காவலூரில் வைணு பாப்பு வான்காட்சி நிலையம் இருக்கிறது. கோடி கோடி மைல்களுக்கு அப்பாலுள்ள விண்மீன்கள் அங்கிருந்து தெரிகின்றன. அடிவாரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு மலைமேல் இருக்கும் மக்களும் தெரிய வேண்டும் என்பதே என் விண்ணப்பம்.

முடிவுரை

சிலப்பதிகாரத்தை நான் முழுமையாகப் படித்தது ம. பொ. சி.யால்தான். அதில் என்னை ஆட்கொண்ட இடம் ஒன்று உண்டு. மதுரையை எரித்துவிட்டு வந்த கண்ணகி, மலையில் வேங்கை மர நிழலில் நிற்கிறாள். அவள் விண்ணுலகு செல்வதைக் கண்டவர்கள் புலவர்களோ அரசர்களோ அல்லர், குன்றக் குறவர்கள். அவர்களே சேரன் செங்குட்டுவனிடம் சென்று அச்செய்தியைச் சொல்கிறார்கள். மலைமக்கள் சாட்சி சொன்ன பின்புதான் மன்னன் இமயத்திற்குக் கல்லெடுக்கப் புறப்படுகிறான். தமிழரின் தலைசிறந்த காப்பியத்தில் மலைமக்களின் வாய்ச்சொல் அரசாணையை எழுப்பியிருக்கிறது!

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்ட ஒருவர், ஈய எழுத்துகளைப் பொறுக்கிக் கோத்து, சிறையில் சிலம்பைக் கற்று, மாநிலத்தின் எல்லைக் கோட்டையே மாற்றினார். நமக்கோ மேசையும் மின்விளக்கும் நூலகமும் ஆசிரியப் பெருமக்களும் வாய்த்திருக்கின்றனர். இரண்டு தாள் தோற்றதற்காகப் படிப்பை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்ப எண்ணிய நாள் எனக்கும் உண்டு. திரும்பவில்லை. அவர் வரலாற்றைப் படித்ததே அதற்குக் காரணம்.

இப்போது யாராவது என்னிடம் “நீ மலையாளியா?” என்று கேட்டால், தயங்காமல் விடை சொல்கிறேன்: “ஆம். ஜவ்வாது மலைத் தமிழன்.”